மிச்சத்தை எறியாதவர்

இசோகாய் நொபுவே பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். ஜப்பானின் தகமாட்சு நகரிலிருந்து சிற்றுந்து போல ஆடி ஆடிப் போகும் ரயிலில் இருபது நிமிடம். அவர் எழுதுவது இயந்திரத்துக்குள் ஓடும் நிரல். சூடான இரண்டு உலோகத் தாடைகள் பிளாஸ்டிக் பையின் வாயைக் கவ்விப் பிடிக்கும். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று நிரல்தான் சொல்லும். நூடுல்ஸ் பைக்கு நானூற்று இருபது மில்லி விநாடி. கூடினால் பை கருகும். குறைந்தால் வாய் ஒட்டாது.

அவர் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் இயந்திரத்தின் மின்பலகையை மாற்றினார்கள். பழைய பலகையின் கடிகாரம் ஒரு விநாடிக்கு ஆயிரம் என்று எண்ணும். புதியது ஒரு விநாடிக்குப் பத்து லட்சம் என்று எண்ணும். நிரலை யாரும் தொடவில்லை. தாடை கவ்வியது, கடிகாரம் நானூற்று இருபது என்றது, தாடை விட்டுவிட்டது. கவ்விய நேரம் ஒரு மில்லி விநாடியில் பாதிகூட இல்லை. வாங்கியவரின் ஆலையில் அரை மணிக்குள் ஆயிரத்து எண்ணூறு பைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் வந்தன. சூப்புப் பொடி தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

பிரிவுத் தலைவர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எண்ணு சரியாத்தானே இருக்கு? நானூத்தி இருபது. நாலு வருஷமா இதேதானே?"

"எண்ணு சரிதான், தலைவரே," என்றார் அப்போது இருபத்தொன்பது வயதுப் பெண்ணான நொபுவே. "எதை எண்ணறோம்ங்கறதுதான் மாறிப்போச்சு."

அன்றிலிருந்து நிரலில் நேரத்தைக் குறிக்கும் ஒவ்வொரு பெயருக்கும் வால் ஒட்டினார். இது மில்லி விநாடி, இது விநாடி, இது நிமிடம் என்று பெயரே சொல்லிவிடும். பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதையாக 'சான்' போட்டே கேலி பண்ணினார்கள். "இசோகாய் சான், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரத்துல வருவீங்க?" "பத்து." "பத்து என்ன? வாலைக் காணோமே!"

இன்னொரு பழக்கமும் தொழிற்சாலை கொடுத்ததுதான். ஓர் இயந்திரம் மொத்தம் எத்தனை நேரம் ஓடியிருக்கிறது என்று கூட்டி வைக்கும் பகுதியை வேறொருவர் எழுதியிருந்தார். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் ஒன்று புள்ளி இரண்டு விநாடி. அவர் ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டுக் கூட்டினார். பன்னிரண்டு நாள் ஓடிய இயந்திரம் பத்து நாள்தான் ஓடியதாகக் கணக்குக் காட்டியது. எண்ணெய் போடும் நாள் தள்ளிப்போய் ஒரு தண்டு தேய்ந்தது. நொபுவே அதைத் திருத்தினார். இருப்பதிலேயே சின்ன அலகில் கூட்டு. மிச்சத்தை நடுவில் எறியாதே. வெட்டுவதானால் கடைசியில், காட்டும்போது ஒரே ஒரு தடவை வெட்டு. பிறகு வந்த புதியவர்கள் எல்லோருக்கும் அவர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இருபது வருடத்தில் இந்த விதி அவரை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேறு இடம். எட்டுக்குளத்து ஷோகி மன்றத்தில் அவர் குறிப்பாளர். ஷோகி ஜப்பானியச் சதுரங்கம்; பலகைக்கு இருபுறமும் இரண்டு பேர் மண்டியிட்டு ஆடுவார்கள். பக்கவாட்டில், தாழ்ந்த மேசைக்குப் பின்னால், ஒரு சிறு மெத்தையில், நொபுவே ஸ்டாப்வாட்சும் பென்சிலுமாக உட்கார்ந்து, யார் எந்தக் காயை எங்கே வைத்தார், அதற்கு எத்தனை நிமிடம் எடுத்தார் என்று எழுதுவார். ஐந்து மணி நேரம் இருமமாட்டார், தும்மமாட்டார், காலை மாற்றி வைக்கமாட்டார். யார் ஜெயிக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரியவே தெரியாது. "அந்தம்மா மூஞ்சியப் பாத்து ஆட்டத்தத் தெரிஞ்சுக்கறதுக்கு, கோயில் வாசல் கல்லு நாயோட மூஞ்சியப் பாக்கலாம்," என்று மன்றத்தின் மூத்த ஆட்டக்காரர் சொகோ தெருமாசா சொல்வார். அது புகழ்ச்சிதான். நொபுவேயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் அவருடைய வேலை இயந்திரத்துக்குள் போய் மறைந்துவிடும். இங்கே அவர் வாயைத் திறந்தால் இரண்டு பேர் தலை நிமிர்ந்து கேட்பார்கள். பதினோரு வருடமாக அந்த மெத்தையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மன்றத்தின் நேரக் கணக்கு பழைய முறை. ஒருவருக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு முறை காய் வைக்கும்போதும் எடுத்த நேரத்தில் முழு நிமிடங்களை மட்டும் கழிப்பார்கள். நிமிடத்துக்குக் குறைந்த மிச்சம் தள்ளுபடி. ஐம்பத்தொன்பது விநாடி யோசித்து வைத்தால் செலவு ஒன்றுமில்லை. ஏழு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி யோசித்தால் செலவு ஏழு. இரண்டு மணி நேரமும் தீர்ந்துபோனால், அதற்குப் பிறகு ஒவ்வொரு காயையும் ஒரு நிமிடத்துக்குள் வைக்க வேண்டும்.

கையால் எழுதிய காலத்தில் நொபுவேயை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. காலை பத்துக்குத் தொடங்கி, நடுவில் சாப்பாட்டு நேரம் போக, நாலே முக்கால் மணி நேரம் நடந்த ஆட்டத்தில் இரண்டு பேருடைய செலவையும் கூட்டினால் மூன்றரை மணிதான் வரும். மீதி எங்கே போனது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் தாளின் அடியில் கூட்டுத்தொகை எழுதும்போது, சொட்டுகிற குழாயை மூடாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்ததுபோல இருக்கும்.

மன்றத் தலைவர் ஃபுகெ பல் மருத்துவர். ஊரே அவரை மரியாதையாக சென்செய் என்றுதான் கூப்பிடும். போன இலையுதிர்காலத்தில் ஸ்டாப்வாட்சின் பொத்தான் சிக்கிக்கொள்ளத் தொடங்கியது. அவர் நொபுவேயைக் கேட்டார்: "டேப்லெட்டுல ஒண்ணு செஞ்சுடுங்களேன், இசோகாய் சான். உங்களுக்கு இதெல்லாம் கை வந்த கலைதானே?"

மூன்று மாத ஞாயிறுகளில் அதைச் செய்தார். ஆட்டக்காரர் காய் வைத்ததும் திரையைத் தொட வேண்டும், அந்த நகர்த்தலுக்கு எடுத்த நேரம் மில்லி விநாடியில் பதியும், கூட்டிக்கொண்டே போகும், கடைசியில் நிமிடமாக்கி, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, திரையில் காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் வால் இருந்தது. வீட்டில் தானே இருபுறமும் ஆடிச் சோதித்தார். இரண்டு பேருடைய நேரத்தையும் கூட்டிப் பார்த்தபோது சுவர்க்கடிகாரத்தோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. ஒரு நிமிடம்கூடக் காணாமல் போகவில்லை. அன்று நொபுவே தனக்கென்று ஒரு பீர் திறந்துகொண்டார்.

கையால் எழுதும்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பென்சில் தானாகவே மிச்சத்தை விட்டுவிட்டுப் போகும். அதை ஒரு விதி என்று அவர் நினைத்ததே இல்லை; கையின் வேலை அது. நிரல் எழுத உட்கார்ந்தது தொழிற்சாலைக் கை.

டேப்லெட்டின் முதல் ஆட்டம் ஜனவரியில், கோப்பைக்கான இறுதி ஆட்டமாகவே அமைந்தது. சமூகக் கூடத்தின் மாடியில், பாய் விரித்த அறை. ஒரு பக்கம் சொகோ தெருமாசா. எழுபத்தொரு வயது, பயணிகள் படகு ஓடிய நாட்களில் அதன் எந்திர அறையில் வேலை பார்த்தவர். இடது காது பாதிதான் கேட்கும். மூன்று தடவை இறுதி ஆட்டம் வரை வந்து மூன்று தடவையும் தோற்றவர். எதிரே கோசாய் மிட்சுரு, நாற்பத்து நான்கு வயது, முடிதிருத்தகம் வைத்திருப்பவர். சொகோவுக்கு மாதம் ஒரு தடவை முடி வெட்டுகிறவரும் அவரே.

கோசாய் சடக் சடக்கென்று வைக்கிற ஆள். சொகோ அப்படியில்லை. தனக்குள் விநாடி எண்ணிக்கொண்டே இருப்பார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று வரும்போதுதான் கை பலகைக்குப் போகும். எந்திர அறையில் கற்ற கணக்கு அது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று குறிப்பாளரிடம் கேட்பதை அவர் இழுக்காக நினைப்பார்.

மதியத்துக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. சொகோ யோசித்துக்கொண்டிருந்தபோது திரையைப் பார்த்து நொபுவே சொன்னார்: "இன்னும் பத்து நிமிடம்."

சொகோ தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது 'நாற்பது'. அவருடைய மனக்கணக்கும் கிட்டத்தட்ட நாற்பதுதான். எதிரே இருந்த கோசாய்க்குப் பத்து என்று சரியாகவே கேட்டது. அவர் சற்று நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பான வழியை விட்டுவிட்டு, தன் ராஜாவை வெட்டவெளியில் நிறுத்தி, ஆட்டத்தை வேண்டுமென்றே குழப்பினார். நேரமில்லாத கிழவரைக் குழப்பினால் தடுமாறுவார் என்பது கணக்கு.

சொகோ இன்னும் ஏழு காய்களை வழக்கம்போல ஐம்பத்தாறு, ஐம்பத்தேழில் வைத்துவிட்டு, தன் நாற்பத்து நான்காவது நகர்த்தலுக்கு நிதானமாக உட்கார்ந்தார். எதிராளியின் ராஜாவை மடக்க வழி இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மூன்று நிமிடம் போனது.

"சொகோ சான், உங்கள் நேரம் முடிந்தது," என்றார் நொபுவே. "இனி ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள்."

சொகோ நிமிர்ந்தார். "என்னது?"

"நேரம் முடிஞ்சுது, சொகோ சான்."

"விளையாடறீங்களா? எனக்கு இன்னும் முப்பத்தாறு நிமிஷம் இருக்கு."

"முப்பது விநாடி," என்று நொபுவே விநாடி வாசிக்கத் தொடங்கினார். குறிப்பாளரின் கடமை அது.

"நிறுத்துங்கம்மா!" சொகோ கையை உயர்த்தினார். "நான் ஒவ்வொரு தடவையும் அம்பத்தாறு, அம்பத்தேழுல வெச்சிருக்கேன். நாப்பது வருஷம் எந்திரத்துக்குப் பக்கத்துல நின்னவன். என் தலைக்குள்ள ஓடற கடிகாரம் பொய் சொல்லாது. பேர்லயே அவசரத்த வெச்சிருக்கற பொம்பள கையில கடிகாரத்தக் குடுத்தா இப்படித்தான் ஆகும்!"

ஜப்பானிய மொழியில் இசோகு என்றால் அவசரப்படுவது. இசோகாய் என்ற பெயரை வைத்து அந்த ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த நகைச்சுவையைச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

'ஒவ்வொரு தடவையும்' என்ற சொல் காதில் விழுந்ததுமே நொபுவேக்குத் தெரிந்துவிட்டது. நிரலில் அந்த வரி எந்தப் பக்கத்தில், எந்த வரிக்குக் கீழே இருக்கிறது என்பதுகூடக் கண்ணில் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் எறிய வேண்டிய மிச்சத்தை அவர் எறியாமல் கூட்டி வைத்திருக்கிறார். நாற்பத்து மூன்று நகர்த்தல். ஒவ்வொன்றிலும் ஐம்பது சொச்சம் விநாடி. சிறுகச் சிறுகச் சேர்ந்து முப்பத்தாறு நிமிடம்.

திரையை நிறுத்தினார். பக்கத்து அறையிலிருந்து ஃபுகெ சென்செய் வந்து வாசலில் மண்டியிட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"கருவி சரியா ஓடுதா, இசோகாய் சான்?"

சரி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகியிருக்காது. ஒரு மில்லி விநாடிகூடத் தவறு இல்லை. டேப்லெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. குறிப்பாளர் சொன்னது சொன்னதுதான் என்பது மன்றத்தின் வழக்கம். அவருக்கு முன்னால் குறிப்பாளராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு நகர்த்தலைத் தவறாக எழுதிவிட்டு ஆட்டத்துக்கு நடுவே திருத்தினார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அப்படித்தான் நொபுவேக்கு அந்த மெத்தை கிடைத்தது.

"கடிகாரம் சரி, சென்செய்," என்றார். "கூட்டினதுதான் தப்பு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மிச்சத்தத் தள்ளியிருக்கணும். நான் கடைசில ஒரே தடவ தள்ளற மாதிரி எழுதிட்டேன். சொகோ சான் சொல்றது சரி."

சொகோ உயர்த்திய கையை இறக்கினார்.

"இல்ல, இருங்க," என்றார் கோசாய். அவருக்கு முகம் சிவந்திருந்தது. "பத்து நிமிஷம்னு அவங்கதானே சொன்னாங்க? அத நம்பித்தானே நான் ராஜாவத் தெருவுல கொண்டாந்து நிறுத்தினேன்? முப்பத்தாறு நிமிஷம் இருக்குன்னு தெரிஞ்சா எந்தப் பைத்தியக்காரன் அப்படி வெப்பான்?"

"நான் கேக்கலையே பத்துன்னு," என்றார் சொகோ.

"உங்களுக்குத்தான் பாதி காது இல்லையே!"

"பாதி காதோட ஜெயிக்கறேன் பாரு."

ஃபுகெ சென்செய் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பல் பிடுங்கும் முன்பும் அப்படித்தான் செய்வார் என்று ஊரில் சொல்வார்கள். "விதி எழுதியிருக்கறபடிதான் ஆடணும். ஒவ்வொரு நகர்த்தலோட நேரமும் அதுல இருக்கா?"

"இருக்கு. மில்லி செகண்ட்ல."

"அப்போ முதல்லேருந்து எண்ணிடுவோம். நீங்க படிங்க, நான் எழுதறேன்."

பலகையைப் பார்த்து யாரும் யோசிக்கக் கூடாது என்று சென்செய் தன் மேலங்கியைக் கழற்றி அதன் மேல் போர்த்தினார். நொபுவே படிக்கத் தொடங்கினார்.

"ஐம்பத்தாறாயிரத்து எண்ணூறு."

"எத்தன நிமிஷம்?"

"சைபர்."

"அடுத்தது."

"நாலு லட்சத்து எழுபத்தேழாயிரத்து முன்னூறு. ஏழு நிமிஷம் அம்பத்தேழு செகண்டு. ஏழு."

"ஏழு."

"ஐம்பத்தெட்டாயிரத்து நூறு. சைபர்."

ஒவ்வொரு சைபருக்கும் சொகோ கண்ணை மூடியபடி மெல்லத் தலையாட்டினார், பழைய பாட்டைக் கேட்பவர்போல. கோசாய் அதைக் கவனித்துவிட்டார். "சென்செய், அவரு கண்ண மூடிக்கிட்டு யோசிக்கறாரு!"

"கண்ண மூடக் கூடாதுன்னு விதி இல்லையே."

"மேலங்கி எதுக்குப் போத்தினீங்க அப்போ? அவரு தலைக்குள்ளதான் பலகையே இருக்கு!"

"நீயும் மூடிக்கோயேன்," என்றார் சொகோ, கண்ணைத் திறக்காமலே. "என் தலைக்கு மேல கத்திரியோட நிக்கறப்போ மட்டும் மூடிராத."

பிறகு கோசாயின் எண்கள் வந்தன. "இரண்டாயிரத்து நூறு. சைபர். மூவாயிரத்து ஐநூறு. சைபர்." கோசாய்க்குப் பொறுக்கவில்லை. "நான் ரெண்டு செகண்டுல வெச்சதும் சைபர், அவரு அம்பத்தெட்டு செகண்டு குந்திக்கிட்டு இருந்ததும் சைபரா?"

"உன்னை யாரு ஓடி ஓடி வைக்கச் சொன்னா? சலூன்ல அடுத்த ஆளா காத்துக்கிட்டு இருக்கான்?"

வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். நொபுவே சிரிக்கவில்லை. தான் மூன்று மாதம் பொத்திப் பொத்திக் காத்த எண்களைத் தன் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சைபர் என்று சொல்லிக்கொண்டு போனார். கணக்கு முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. சொகோ முடித்த நாற்பத்து மூன்று நகர்த்தல்களுக்கு எண்பத்தொரு நிமிடம். இப்போது யோசித்த மூன்றையும் சேர்த்து எண்பத்து நான்கு. மீதி முப்பத்தாறு. சொகோவின் தலைக் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"முப்பத்தாறு நிமிஷத்தோட ஆட்டம் தொடரும்," என்றார் சென்செய். "பத்து நிமிஷம்னு சொன்னது மன்றத்தோட தப்பு. கோசாய் சான், உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"என் ராஜா?"

"அது உங்க ஆட்டம்."

மேலங்கியை எடுத்தார்கள். சொகோ இருபத்திரண்டு நிமிடம் ஐம்பத்தேழு விநாடி யோசித்தார். பிறகு ஒரு குதிரையை எடுத்து ராஜாவுக்கு எதிரே ஓங்கி வைத்தார். பலகை அதிர்ந்தது. கோசாய் ராஜாவை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினார். அந்த ஒரு கட்டத்தை சொகோ பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நாற்பது தடவைபோல வைத்தார்கள். ஆனால் ஆட்டம் அந்தக் கட்டத்திலேயே முடிந்துபோயிருந்தது. நாலரை மணிக்கு சொகோ தலை குனிந்து, "தோத்துட்டேன்," என்றார். நான்காவது தடவை.

நொபுவே ஆட்டக்குறிப்பில் நேரத்தை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

கூடத்துக்கு எதிரே உள்ள ஊதோன் நூடுல்ஸ் கடையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள்: சென்செய், கோசாய், சொகோ, நொபுவே. மன்றத்தின் விஷயங்கள் எப்போதும் அங்கேதான் முடிவாகும். கோப்பை, துணியில் சுற்றி, கோசாயின் காலடியில் இருந்தது. ஜெயித்தவர் அவர்தான் என்றாலும் கோபம் இறங்கவில்லை.

"நான் இவங்கமேல குத்தம் சொல்லல," என்றார் கோசாய், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "இவங்க வாயத் திறக்கலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதத்தான் சொல்றேன். கடிகாரத்தச் செஞ்சவங்களே அதப் படிக்கறாங்க. சரின்னும் அவங்களே சொல்றாங்க, தப்புன்னும் அவங்களே சொல்றாங்க. இன்னிக்கு இவங்க நேர்மையா இருந்தாங்க. அது என் அதிர்ஷ்டம்."

"உன் அதிர்ஷ்டமா? முப்பத்தாறு நிமிஷம் எனக்கில்ல கெடச்சுது?" என்றார் சொகோ.

"அத வெச்சுக்கிட்டு என்ன கிழிச்சீங்க?"

சொகோ சூப்பை உறிஞ்சினார். "நல்லா யோசிச்சுத் தோத்தேன். ஒரு நிமிஷத்துல தோத்திருந்தா வருஷம் பூரா உன் கடை நாற்காலில உக்காந்து அதையே புலம்பிக்கிட்டு இருந்திருப்பேன். உனக்குத்தான் நிம்மதி." பிறகு நொபுவே பக்கம் திரும்பினார். "அவசரம்னு சொன்னது தப்பும்மா. நீங்க அவசரமே படல. எண்ண வேண்டாததையும் எண்ணிட்டீங்க."

"ஆமா," என்றார் நொபுவே.

சென்செய் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "கோசாய் சான் சொல்றதுல நியாயம் இருக்கு. ரெண்டும் ஒருத்தர் கையில இருக்க வேணாம். ஸ்டாப்வாட்சுக்கும் திரும்பிப் போக முடியாது, பொத்தான் போயிடுச்சு. இசோகாய் சான், நீங்களே சொல்லுங்க. குறிப்பாளரா இருக்கீங்களா, கருவியப் பாத்துக்கறீங்களா? மெத்தை வேணும்னா நிரலை வேற யாருகிட்டயாவது குடுத்துடலாம். சகாயிதே ஊர்ல என் மச்சான் பையன் இதெல்லாம் செய்யறான்."

மெத்தை என்று சொல்லத்தான் நொபுவேக்கு வாய் வந்தது. பதினோரு வருடம். ஆனால் அந்த மச்சான் பையன் நிரலைத் திறப்பான். கூட்டலுக்குப் பிறகு வகுத்தல் இருப்பதைப் பார்ப்பான். அழகாக இருக்கிறதே என்று நினைப்பான். நல்ல பள்ளியில் படித்தவன் எவனும் அப்படித்தான் நினைப்பான். மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் எறிய வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே, அது தப்பு, கணக்கு ஒத்துவராது என்பான். ஏன் எறிய வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல, அம்பத்தெட்டு செகண்டு உட்கார்ந்திருந்த ஒருவரின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

"கருவி," என்றார்.

"மெத்தை?"

"மனாபே சான் நல்லா உக்காருவாங்க. தபால் நிலையத்துல நாள் பூரா நிக்கறவங்க, உக்காரச் சொன்னா சந்தோஷப்படுவாங்க."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் தொழிற்சாலை மேசையிலேயே திருத்தினார். வகுக்கும் வரியை எடுத்துக் கூட்டும் வரிக்கு மேலே வைத்தார். பெயரின் வாலை மில்லி விநாடியிலிருந்து நிமிடமாக மாற்றினார். அருகில் ஒரு குறிப்பும் எழுதினார்: 'இங்கே எறிவது தவறு அல்ல. மாற்றாதீர்கள்.' முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய நிரல்களில் இப்படி ஒரு குறிப்பு இல்லை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இசோகாய் சான், நீங்களா நடுவுல வெட்டறீங்க?" என்றார். "அளக்கற பொருள் வேற," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

குறிப்பாளராக இருப்பவர் கோப்பையில் ஆடக் கூடாது என்று மன்றத்தில் ஒரு விதி இருந்தது. இப்போது அது அவரைத் தடுக்காது. ஏப்ரலில் சென்செய் சொல்லி, கடைசிப் பிரிவில் பெயர் கொடுத்தார். முதல் ஆட்டம் மீன்சந்தையில் கணக்கு எழுதும் ஒரு பெண்ணோடு. நொபுவேக்கு எதிரே பலகை நேராக இருந்தது. இத்தனை வருடமும் அதைப் பக்கவாட்டில் பார்த்தே பழகிய கண்ணுக்குக் காய்கள் எல்லாம் இடம் மாறி நிற்பதுபோலத் தோன்றின. பதினாறு நிமிடத்தில் தோற்றார். அடுத்த அறையில் மனாபேயின் குரல் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. காய்களைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, தோற்ற இடம் எது என்று பார்க்க ஆட்டக்குறிப்பைத் தேடினார். கடைசிப் பிரிவுக்குக் குறிப்பு எடுப்பதில்லை.